இரண்டாவது வயலின், நான்காவது நாற்காலி

கொட்டகலையில் மழை விட்டால்தான்
எனக்கு இசைக்குழு.
தகரத்தில் அது பெய்கிறவரை
ஹெட்போனுக்குள்ளும் அதுதான் பெய்யும்.

எட்டு ஜிபி நினைவகம்.
கொம்புகளை ஏற்றினால் வயலின்கள் உறைந்துபோகின்றன.
ஆகவே என் அறுபது பேரும்
ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை.
ஹார்ட்வேர் கடை மாடியறைக்கு
ஷிஃப்ட் ஷிஃப்டாக வந்து போகிறார்கள்,
பேக்டரி ஆட்களைப் போல.

தவணைக் காசில் வாங்கிய வயலின்கள்.
நல்ல வயலின்கள்தான்.
ஆனாலும் கொட்டாஞ்சேனையிலிருந்து
குறும்படக்காரர் நிரோஜன் எழுதியிருந்தார்:
"எல்லாம் சரி அக்கா,
ஆட்கள் இருக்கிற மாதிரி இல்லை."

சரி, ஆட்களை உண்டாக்கத் தொடங்கினேன்.
ஒரே கணத்தில் தொடங்கியவர்களைக் கலைத்துவிட்டேன்:
இவரைப் பன்னிரண்டு மில்லிசெகண்ட் முன்னால்,
அவரை இருபது பின்னால்.
ஓபோவுக்கு மூச்சு வாங்க இடம் விட்டேன்
(விடாவிட்டால் சாகாமல் ஊதிக்கொண்டே இருக்கும்,
அதுதான் காட்டிக்கொடுப்பது).
இடது கையால் சக்கரத்தை உருட்டி உருட்டி
நீண்ட சுரம் ஒவ்வொன்றுக்கும்
ஒரு வயிறு வைத்தேன்.

அப்போதுதான் கேட்டது.
மெல்லிய ஜி.
மூன்றாம் முறை வாசிக்கிறபோது மட்டும்,
வில்லின் சத்தத்துக்குப் பின்னால்
க்ரீச் என்று
ஒரு நாற்காலி.

எந்த ஊரோ.
பெட்டியில் மண்டபத்தின் பெயர் இருக்கிறது,
மைக்கின் பெயர்கூட இருக்கிறது,
வாசித்தவர்கள் பெயர் இல்லை.
அசையாதே, இருமாதே என்று
உட்காரவைத்திருப்பார்கள்.
ஒரே சுரம். மெதுவாக. இன்னும் மெதுவாக.
மேல் வில். கீழ் வில்.
அது முடிந்தால் அரைச் சுரம் தள்ளி
மறுபடி முதலிலிருந்து.
பின்னேரம் ஆகியிருக்கும்.
நான்காவது நாற்காலியில் ஒருத்திக்குக்
கால் மரத்திருக்கும்.
(ஒருத்தி என்று எனக்கெப்படித் தெரியும்? தெரியாது.)
அன்றைக்கு அவளுக்கு
முழுப்பேர் போட்டார்களா,
நாற்காலி முனகினதுக்காக
அரைப்பேரா?

வெட்டுவதற்குக் கர்சரைக் கொண்டுபோனேன்.
திரும்பக் கொண்டுவந்தேன்.
அவள் ஒருத்தி மட்டும் அசைந்தால்தானே
அது பிழை.

சனிக்கிழமை, பக்கத்து டியூஷன் வகுப்பில்
கணக்கு சேர் வருவதற்கு முன்
முப்பது பிள்ளைகள் வாங்கில் நெளிகிற சத்தத்தைப்
போனில் பிடித்தேன்.
பேச்சை வெட்டி, ஒரு இருமலை வைத்துக்கொண்டு
மண்டபத்து எதிரொலியில் முக்கி எடுத்து
முதல் சுரத்துக்கு முன்னால் போட்டேன்.
இப்போது ஒரு இசைக்குழு
வந்து உட்காருகிறது.
ஒருவன் மூக்கை உறிஞ்சுகிறான்.
எட்டாம் ஆண்டுப் பையன்;
டபுள் பாஸ்களுக்குப் பக்கத்தில் இடம் கொடுத்தேன்.

நிரோஜன் நடுச்சாமம் தாண்டி எடுத்தார்.
"எங்க போய் ரெக்கார்ட் பண்ணினீங்க, அக்கா?"
சொல்ல வாயெடுத்தேன்,
பதுளை மெயில் கடந்தது.
மேசை, அதற்குப் பிறகு கண்ணாடி,
அதற்கும் பிறகு கரண்டி.
"இப்ப கேட்டது டிம்பனியா?" என்றார்.
ஆமா என்றேன்.

ட்ராக்குகளுக்குப் பேர் எழுதுகிற வரிசை
இன்னும் மிச்சம் இருந்தது.
வயலின் ஒன்று. வியோலா. செலோ.
அவளுக்கென்று தனியாக
ஒரு வரி பிரித்து வைத்திருந்தேன்.
என்னவென்று எழுத?
கொஞ்ச நேரம் கட்டம் வெறுமையாய் மினுக்கியது.
முழுப்பேர் என்று அடித்தேன்.

சேமித்தேன்.
தகரத்தில் ஒரு துளி.
பிந்தி வந்து இன்னொன்று.
பிறகு, யாரும் யாரையும் பார்க்காமல்,
எல்லோரும்.