பத்தடிக்கு ஆறடி

சாருகேசன் கொண்டுவந்த அட்டை
ஒரு சீட்டுக்கட்டுச் சீட்டளவு.
கறுப்புக் கரை, நடுவில் மஞ்சள் பெட்டி,
பெட்டிக்குள் ஒரு கேள்விக்குறி.
மூலையில் மாம்பழக் கறை.
"இதைப் பத்தடிக்கு ஆறடி அடிச்சுத் தருவீங்களோ அக்கா?"

புதுக்குடியிருப்புச் சந்தியில் பிளெக்ஸ் அடிக்கிற கடை எங்கட.
சாமத்தியவீடு, கடைத் திறப்புவிழா, முப்பத்தொன்று,
ஒன்பது ஏ எடுத்த பிள்ளை.
இந்த ஊரில் எந்த முகமும்
என் மவுஸுக்குக் கீழேதான் பெரிசாகும்.
அன்று காலையும் ஒருவர்
கரை கருகிய அடையாள அட்டைப் படத்தை நீட்டி
"பெருப்பிச்சா முகம் உடையுமோ?" என்றார்.
உடையும் என்றேன்.
"எவ்வளவு உடையும்?"

கேள்விக்குறி உடையாது.
ஒரு வளைவு, ஒரு புள்ளி, அவ்வளவுதானே.

சின்னம்மா ஸ்காபரோவிலிருந்து வந்தபோது
தன் பிள்ளை விளையாடி விட்டதைத் தந்துவிட்டுப் போனாவாம்.
இரண்டு திரை, பிணைச்சல் ஆடும், கறுப்பு டேப் சுற்றியிருந்தது.
அட்டையை என் மேசையில் வைத்துக் காட்டினான்.
மேசை நெளிந்தது.
பலகை சதுரமாகத் திறந்து
முதலை மூஞ்சியும் வௌவால் சிறகுமாய் ஒன்று
தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் எழும்பிக் கொட்டாவி விட்டது.
"சின்ன அட்டை எண்டா இவ்வளவுதான்.
பெரிய அட்டை எண்டா..."
கையைத் தலைக்கு மேலே தூக்கினான்.
எட்டவில்லை. கதிரையில் ஏறினான்.

சதுர அடி தொண்ணூறு ரூபா.
அவனிடம் இருந்தது அறுநூற்றி இருபது.
முதலாளி நித்திரை.
சுருளின் மிச்சத்தில் அடித்தேன்.

நாலு மணிக்கு மைதானத்தில் விரித்தோம்.
வரவில்லை.
வெயில் பட்டுப் பிளெக்ஸ் மினுங்கியது,
பெட்டிக்குக் கண் கூசியதோ என்னவோ
தேடுகிறேன் தேடுகிறேன் என்றது.
பாலைமரத்துக்குப் பின்னால் சூரியன் இறங்கும்வரை
இருபத்தியேழு பிள்ளைகள் காத்திருந்தார்கள்,
நாலு மூலையிலும் நாலு செங்கல்.
யோகதாஸ் தன் ஓட்டோவைக் கொண்டுவந்தான்.
கூரையில் ஏறினால்தான் முழு அட்டையும் திரைக்குள் அடங்கும்.

முதலில் சாருகேசன் பார்த்தான்.
ஒன்றும் பேசவில்லை.
பிறகு "அம்மாடி" என்றான்,
அவ்வளவு மெதுவாக.

வரிசையில் எனக்கும் முறை வந்தது.
தண்ணித் தாங்கி அளவுக்கு எழும்பி நின்றது.
பள்ளிக்கூட ஓடு அதன் இடுப்புக்குத்தான்.
ஆனால் நான் பார்த்தது அதையில்லை,
அது வருவதற்குச் சற்று முன்
நிலம் இளகி
உள்பக்கமாக மடிந்து
திறந்ததை.
இதே மைதானத்தில் சிவப்புத் தடிகள் நட்டிருந்த வருசம்
வெள்ளைக் கல்லுக்கு உள்ளே மட்டும் நடந்து
நான் பள்ளிக்கூடம் போனவள்.
ஓட்டோக் கூரையில் நின்றபடி
ஒரு கால் பின்னுக்கு வைத்துவிட்டேன்.
யோகதாஸ் முழங்காலைப் பிடித்திராவிட்டால் விழுந்திருப்பேன்.
பிள்ளைகள் சிரித்தார்கள்.
நானும்தான்.

அப்போது அந்தச் செவலை நாய் வந்தது.
திரைக்கு வெளியே: ஒரு பிளெக்ஸ், அதில் படுத்த நாய்.
திரைக்கு உள்ளே: மிருகத்தின் வயிற்றுக்குள்
வாலை மடித்துக்கொண்டு நித்திரை.
புரண்டு ஒரு மூலையை மறைத்ததும்
தண்ணித் தாங்கி உயரத்து மிருகம்
சட்டென்று இல்லை.
நாயைக் கலைத்தார்கள், வந்தது.
நாய் திரும்ப வந்தது, போனது.
பற்றரியில் சிவப்பு வெளிச்சம் விழும்வரை இதுதான் விளையாட்டு.
எல்லாருக்கும் அதைவிட இதுதான் பிடித்திருந்தது.

ஐப்பசி மழைக்கு
சாருகேசனின் அம்மா அதைக் கோழிக்கூட்டுக்குப் போட்டுவிட்டா.
மேல்பக்கம் கேள்விக்குறி.
நாலு மூலையிலும் அதே செங்கல்.
வேலைக்குப் போகும்போது வேலிக்கு மேலால் பார்க்கிறேன்.
கோழிகள் ஒவ்வொன்றாய்
தலையைக் குனிந்து வெளியே வருகின்றன.
அந்த முகம் இன்னும் என் கணினியில் இருக்கிறது.
அவர் அளவு சொல்லவில்லை.