நிகர எடை

பஹாவுக்கு வெளியே, செம்பனை ஆலை வாசலில்
எடைப்பாலத்தை ஒட்டி ஒரு தகரக் கூண்டு.
உள்ளே நான், ஒரு மின்விசிறி, ஆலை முத்திரை,
இழுப்பறையில் கொதோனேயின் ஆறு முகங்கள்.

ஒரே தட்டை மூன்று அட்டையில் வெளியிடுவார்கள்.
ஒன்றில் கடற்கரை, ஒன்றில் பள்ளிச் சீருடை,
மூன்றாவது வெறும் வெள்ளை.
மூன்றையும் வாங்கினேன்.
கேட்பதற்கல்ல, தட்டு போடும் கருவி வீட்டில் இல்லை.
உள்ளே யார் படம் என்று
நெகிழி உறையை நகத்தால் கீறும் அந்த நொடிக்கு.
தபால்காரர் ஹம்டான் பெட்டியைக் குலுக்கி
மருந்தா என்றார்.
ஆமாம் என்றேன்.

ஏழாவது வெளியீட்டுக்கு இறகுப் பாவாடை,
தோளிலிருந்து சரம் சரமாய்க் கண்ணாடிச் சில்லு.
நாலு கிலோ முந்நூறு என்று பேட்டியில் சொன்னாள்,
சிரித்துக்கொண்டே, தோளைத் தேய்த்தபடி.
ஊரெல்லாம் மினுமினுப்பைப் பார்த்தது,
எனக்கு அந்த எண் ஒட்டிக்கொண்டது.
பாரத்தோடு ஏறும் வண்டி, இறக்கிவிட்டு ஏறும் வண்டி,
ஒன்றில் ஒன்று போக மீதிதான் இங்கே காசு.
எங்கள் பாலமோ இருபது கிலோவுக்குக் கீழே
எதையும் எடையென்று ஒப்பாது.

பரிமளா அக்கா அதைத் தைத்தும் கொடுத்தாள்,
ரவிக்கைத் துணியில், கோழி இறகு வைத்து.
தீபாவளிக் கலைநிகழ்ச்சி, தாமான் மண்டபம்.
ஆறு பேர் ஆட்டத்தை மூன்று பேர் ஆடினோம்.
என் பங்குக்குக் கொதோனேயும்
அவளோடு பேசாத இன்னொருத்தியும்.
நானே பாடி, நானே முகம் திருப்பி,
இறகு உதிர உதிர
முன்வரிசைக் குழந்தைகள் பொறுக்கின.

இன்று அவள் குழுவை விட்டுப் போகும் மேடை.
நேரலைக்குத் தொண்ணூறு ரிங்கிட்.
அங்கே ஆறு மணி, இங்கே ஐந்து,
லோரிகள் சாலைவரை வால் நீட்டும் வேளை.
மேலாளர் காது கூர்மை, சத்தத்தை அணைத்தேன்.
அவர்கள் வாயசைக்க, கொதிகலன் சீறியது.

கடைசிப் பாட்டுக்கு இறகு இல்லை, கண்ணாடி இல்லை.
முதல் வெளியீட்டின் பருத்திச் சட்டை,
பதினாறு வயதுக்குத் தைத்தது.
கைமடிப்பைப் பிரித்து நீட்டியிருக்கிறார்கள்,
பழைய தையல் ஓடிய கோடு
வெளுக்காமல் அப்படியே இருந்தது.
அரங்கம் முழுக்கக் கத்தரிப்பூ நிறத்தில் கைவிளக்குகள்,
என் கையிலும் ஒன்று, மேசைக்கு அடியில்.
அவள் மூச்சை இழுத்து
வாய் திறந்த இடத்தில்
படம் நின்றது.
வட்டம் சுற்றியது. சுற்றியது.

வெளியே சன்னாசி அண்ணன் ஹாரனில் கையை வைத்தார்.
எழுந்து ஓடினேன்.
மழை தூறியது, வழிகாட்டும் விளக்கு போன வாரமே செத்திருந்தது,
கையில் இருந்ததைத்தான் ஆட்டினேன்.
பதினெட்டு டன் குலையோடு
அந்த நிறத்தைப் பார்த்துப் பார்த்து
மெல்ல ஏறி வந்தார்.
"என்னம்மா இது, புதுச் சட்டமா?"
"இன்னிக்கு மட்டும், அண்ணே."

சீட்டை அடித்து நீட்டிவிட்டுத் திரும்பினால்
மேடையில் யாருமில்லை.
நீலச் சட்டைக்காரர் ஒருவர்
வெள்ளித்தாள் துண்டுகளைப் பெருக்கிக்கொண்டிருந்தார்,
அவசரமில்லாமல், மூலை மூலையாக.
அவர் முடிக்கும்வரை பார்த்தேன்.

குலைகளைக் கொட்டிவிட்டு
சன்னாசி அண்ணன் வெற்றெடைக்கு வந்து நின்றார்.
விளக்கைக் காட்டச் சொல்லி
ஒரு தரம், சின்னதாக, ஹாரன் அடித்தார்.