எட்டரை மணி மாத்திரைக்கு ஒரு மனு

அனுப்புநர்
க. ஒச்சம்மாள், வயது முப்பத்தேழு,
கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு டைப் அடிப்பவள்,
செல்லூர், மதுரை.

பெறுநர்
ராத்திரி எட்டரை மணி வெள்ளை மாத்திரை,
அரிசி டப்பாவுக்குப் பின்னால்.

பொருள்: நீ செய்ததும், சொல்லாமல் செய்ததும்.

ஐயா,
(அம்மாவாகவும் இருக்கலாம்.
அட்டையில் போடவில்லை.)

முதல் வாரமே என் கழுத்தை
இடப்பக்கம் திருப்பி வைத்தாய்.
கோரிப்பாளையம் பஸ் ஸ்டாப்பில்
தாடை பூட்டிக்கொண்டது.
பாண்டி கோயிலுக்குக் கூட்டிப் போங்க என்றாள் ஒருத்தி.
நல்லவேளை, பெரியாஸ்பத்திரி பக்கம்.
ஊசி ஒன்று. கால்மணி நேரம்.
கழுத்து தன் வீட்டுக்குத் திரும்பியது.
பேயில்லம்மா, மருந்து பண்றது என்று
நர்ஸ் சொன்ன குரல்
காதுக்குள் இருந்தவனின் குரலைவிடச் சின்னது.
அதனால் நம்பினேன்.

நல்லதும் செய்தாய், மறுக்கவில்லை.
கீபோர்டுக்கு அடியில் உட்கார்ந்து
'உன்மேல கேஸ் இருக்கு' என்று
நாள்பூராவும் சொல்லிக்கொண்டிருந்தவன்
மெல்ல அடுத்த தெருவுக்குக் குடிபோனான்.
மதியச் சோற்றில் உப்பு குறைவென்று
பல மாதத்துக்குப் பிறகு தெரிந்தது.

மூன்றாம் மாதம் தூரம் நின்றது.
நாலாம் மாதம், ஒரு திங்கட்கிழமை,
குறைதீர்க்கும் நாள், கூட்டம் நெரிகிறது,
ஜாக்கெட்டில் இரண்டு வட்டம்.
பால்.
பிள்ளை பெறாதவளுக்கு.

யாரிடம் சொல்ல?
சீட்டு எழுதும் டாக்டரைச் சுற்றி ஏழெட்டு மாணவர்கள்.
முந்தானையை இழுத்து ஊக்கு குத்தினேன்.
உன்னை ஜன்னல் வழியே எறிந்தேன்.
பதினெட்டு நாள்.

பத்தொன்பதாம் நாள்
அச்சம்பத்து மாயக்காளுக்கு வீட்டுமனைப் பட்டா மனு.
அவன் வந்துவிட்டிருந்தான்,
பழைய இடத்திலேயே.
சொன்னான். அடித்தேன்.
'மேற்படி பெண் பொய் சொல்கிறாள், நம்ப வேண்டாம்.'

மாயக்காளுக்கு எழுத்து தெரியாது.
கைநாட்டு வைத்து
மை படாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு
ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்றாள்.
உள்ளே யாரோ வாசித்துக் காட்டியிருக்கிறார்கள்.

திரும்பி வந்தவள் திட்டவில்லை.
'ஏம்மா, ஒனக்கு நான் என்ன செஞ்சேன்?'
இதற்குப் பதில் எழுத
என்னிடம் ஃபார்மேட் இல்லை.

மறுநாள் டாக்டர் ஜெசிந்தாவிடம்
கதவைச் சாத்தச் சொல்லி ஊக்கைக் கழற்றினேன்.
'ஏன் முன்னாடியே சொல்லல' என்று அவர் கேட்கவில்லை.
'நாங்கதான் முன்னாடியே சொல்லியிருக்கணும்' என்றார்.
கர்ப்பமா என்று முதலில் பார்த்தார்கள், கோபப்படவில்லை.
பிறகு ரத்தம்.
தலைக்குப் போகும் மருந்து
சிலருக்குப் பால் மடையையும் திறந்துவிடுமாம்.
வேறு மாத்திரைக்கு மாறலாமாம்.
ஒரே நாளில் முடியாது:
இதைக் கொஞ்சம் குறைத்து, அதைக் கொஞ்சம் கூட்டி,
இருட்டில் மாடிப்படி இறங்குகிற மாதிரி.

அரிசி டப்பாவுக்கு மேலே இப்போது ஒரு தாள்,
நானே அடித்தது, பெரிய எழுத்தில்:
மறந்துபோனால் அடுத்த வேளை ரெட்டையாய்ப் போடாதே.
உட்கார்ந்துவிட்டு எழு, தலை சுற்றும்.
வெயிலில் தண்ணீர் குடி.
உடம்பு விறைத்துக் காய்ச்சலும் அடித்தால்
விடியட்டும் என்று படுக்காதே, ஆஸ்பத்திரிக்கு ஓடு.
நிறுத்தத் தோன்றினால்
நிறுத்துமுன் வாயைத் திற.

புதுசுக்குப் பசி அதிகம்.
ஆறு கிலோ ஏறிவிட்டேன், ஜாக்கெட்டின் உள்தையலைப் பிரித்தாயிற்று.
சர்க்கரை பார்க்கும் தேதி காலண்டரில் வட்டத்துக்குள்.

மாயக்காள் மனுவைக் காசு வாங்காமல் மறுபடி அடித்தேன்.
சத்தமாய் வாசித்துக் காட்டினேன், மூன்று தடவை.
மூன்றாவதில் 'போதும்த்தா' என்றாள்.
பட்டா இன்னும் வரவில்லை.

ஆகவே ஐயா,
பாதியாய் உடைத்து மிச்சமிருக்கும் உன்னை
இன்று ராத்திரி கடைசியாக விழுங்குகிறேன்.
உன்மேல் நடவடிக்கை எதுவும் கோரவில்லை.
ஒப்புகை மட்டும் வேண்டும்.
நாளைக் காலை பத்து மணிக்கு
நான் அடிப்பது மட்டும்
திரையில் வரட்டும்.

இப்படிக்கு,
க. ஒச்சம்மாள்
(என் கையெழுத்து. நடுக்கம் பழைய மாத்திரையுடையது.)