கடை சேர்ந்தது

வேலந்தாவளம் சோதனைச் சாவடி. மணி இரண்டு.
மொய்தூட்டியின் லாரியில் பதினொரு மாடு.
ஒவ்வொன்றின் உதட்டையும் விரித்து
டார்ச் வெளிச்சத்தில் எண்ணி எழுதுகிறேன்:
ரெண்டு பல், நாலு பல், ஆறு பல், கடை சேர்ந்தது.
கீழே மட்டும் எண்ணினால் போதும்.
மேலே முன்பல்லே கிடையாது மாட்டுக்கு,
ஈறுதான்,
துடைத்துக் கவிழ்த்த அம்மிக்கல் மாதிரி.

என் கடைவாய் மூன்று நாளாய்க் குத்துகிறது.
கொழிஞ்சாம்பாறை பல்டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துச் சொன்னார்:
"தாடை எப்பவோ சிறுத்துப்போச்சு மேடம்,
பல்லுக்குத்தான் இன்னும் ஆர்டர் வரலை."

ஆபீஸ் ஜன்னலில் ஓர் உடும்பின் மண்டை.
வாலோடு இடுப்பில் டயர் ஏறி ரோட்டில் கிடந்தது;
எறும்புகள் சுத்தம் செய்து கொடுத்தன.
கீழ்த்தாடை ஒரே எலும்பல்ல அதற்கு,
ஒட்டுப்போட்ட பை.
பின்கோடியில், வாய் திறக்கும் மூட்டில்,
மேலொன்று கீழொன்றாய் இரண்டு எலும்பு
முட்டிக்கொண்டு நிற்கின்றன.

அவற்றின் பங்காளிகள்தான்
நம் வம்சத்தில் மெல்லுகிற வேலையை விட்டுவிட்டு
அரிசிக் குறுணை அளவுக்குச் சுருங்கி
காதுக்குள் குடியேறியவை.
எத்தனை கோடி வருஷம் நடந்தனவோ,
எந்தச் சாவடியிலும் பதிவில்லை.

ஆறாவது மாடு கத்தியது.
கடை சேர்ந்த கிழடு.
லாரிப் பலகை அதிர
ஒரே ஒரு தரம்.

காதுக்குள்
ஒரு பழைய தாடை அதைக் கவ்விக்கொண்டது.

"சீல் அடிச்சோ மேடம்?" என்றான் மொய்தூட்டி.
கன்னத்தைப் பிடித்துக்கொண்டே
தலையாட்டினேன்.