மூச்சறைக் கற்கள்

இயந்திரக் கோளாறென்று இரண்டாம் முறையும் எடுத்தேன்.
நுரையீரல் இருக்கவேண்டிய இடத்தில்
அதே மணல்புயல்.

"கல் குவாரியில் வேலையா?" என்றார் டாக்டர் பெஹிஜே.
"இல்லை. ஆப்ரிகாட் காயவைப்போம்,
மலாத்யாவில் வேறென்ன," என்றான் நெஜ்தெத்.

மூச்சறையிலிருந்து பாஸ்பேட்டை
அள்ளிப்போகும் புரதம் ஒன்று
அவனுக்குள் உருவாகவே இல்லை.
எழுதவேண்டிய மரபணுவில் ஓர் எழுத்துப் பிழை:
அப்பா வழி ஒரு நகல், அம்மா வழி ஒரு நகல்.
இருவருக்கும் பாட்டன் ஒருவரே.

தேங்கியது
சுண்ணத்தோடு கூடிக் கல்லாயிற்று,
கடுகினும் சிறிதாய்.

வலி இல்லை. நேற்றுகூட
ஏணியேறிக் கிளை கழித்தானாம்.

"கூடப் பிறந்தவர்கள்?"

கதவோரம் நின்ற குல்தானே
வாயில் குதப்பிய ஆப்ரிகாட் கொட்டையை
உள்ளங்கையில் உமிழ்ந்து
விரல்களை மூடிக்கொண்டாள்.