களத்தில் மூன்று டன்

அயோத்தியாப்பட்டணம் தாண்டி
ஆத்தூர் ரோட்டில் எங்கள் சேகோ ஆலை.
சிமெண்டுக் களத்தில் ஜவ்வரிசி காயும்.
நிமிர்ந்தால் வடக்கே சேர்வராயன் மலை.
அப்போதெல்லாம் யாரும் நிமிர்வதில்லை.

"சொன்னதை மட்டும் செய்.
யோசிக்கத் தனியா ஆள் இருக்கு"
என்பார் மேனேஜர் சீரங்கன்.
கிழங்கு அரைக்கிற மெஷினில்
சத்தம் மாறுதுங்க என்று
முனியப்பன் ஒருநாள் சொல்லப்போக
"நீ என்ன எஞ்சினியரா?" என்றார்.
அன்றிலிருந்து அவனுக்கு அதுவே பெயர்.
"எஞ்சினியர், டீ வாங்கிட்டு வா."
எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

அந்த ஐப்பசியில் ஒரு மத்தியானம்
மலையின் மேல்பாதியைக் காணவில்லை.
ஏற்காட்டுக் கொண்டை ஊசிகளை
ஒவ்வொன்றாய் விழுங்கியபடி
இறங்கி வந்தது கறுப்பு.
களத்தில் மூன்று டன்.
பாவாயி என்னைப் பார்த்தாள்.
நான் தார்ப்பாயைப் பார்த்தேன்.
சீரங்கன் உள்ளே போனில் இருந்தார்.
அள்ளு என்று யாரும் சொல்லவில்லை.
சொன்னதை மட்டும் செய்தோம்:
துழாவிக்கொண்டே இருந்தோம்,
முதல் துளி விழுந்த பிறகும்.

மூன்று டன்னும் கூழானபோது
என் அடிவயிற்றில் ஏதோ ஒன்று
இனித்தது.
இதை நான் எவரிடமும் சொன்னதில்லை.

அடுத்த புரட்டாசியில் ஜெசிந்தா வந்தாள்.
கேக் வெட்டவில்லை.
நாமெல்லாம் ஒரே குடும்பம் என்னவில்லை.
செருப்பைக் கழற்றிவிட்டுக் களத்தில் நடந்து
"இன்னைக்கு மழை வருமாக்கா?" என்றாள்.
பாவாயி பின்னால் திரும்பிப் பார்த்தாள்,
வேறு யாரையோ கேட்கிறாள் என்று.
பிறகு மலையை அளந்து,
"மூணு மணிக்கு."

இரண்டரைக்கே அள்ளி மூடினோம்.
மூன்றானது. நாலானது.
சுள்ளென்று வெயில், சொட்டு இல்லை.
காரை விட்டிறங்கிய முதலாளி
"எவன் அள்ளச் சொன்னது?" என்றார்.
பாவாயியின் விரல்கள் முந்தானையைத் திருகின.
"நான்தான் சார்" என்றாள் ஜெசிந்தா.

அவ்வளவுதான் நடந்தது.
மறுநாள் காலை முனியப்பன்
மெஷின் பக்கத்தில் காதை வைத்து
"நிறுத்துங்க" என்று கத்தினான்.
ஒருவரும் சிரிக்கவில்லை.

கூலி ஏறவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.
"கேட்டுக்கிட்டேதான் இருக்கேன்" என்கிறாள்.
நம்புகிறேன். நம்புவது சரியா, தெரியவில்லை.

நேற்று எனக்கு லீவு.
கன்னங்குறிச்சியில் நாத்தனார் வீட்டு மொட்டைமாடி.
துணி உலர்த்திக்கொண்டிருந்தவள்
மலைமேல் கைக்குட்டை அளவு கறுப்பைக் கண்டு
ஜெசிந்தாவுக்குப் போன் போட்டேன்.
தார்ப்பாய் எந்த மூலையில் கிழிந்திருக்கிறது,
எந்தப் பக்கத்திலிருந்து அள்ள வேண்டும்,
எல்லாம் சொல்லி முடித்துத் திரும்பினால்

கொடியில்
என் சேலை நனைந்துகொண்டிருந்தது.