பதினொன்றாம் மாடி

மூன்று நாளாய் வானொலியில் அதே குரல்:
பிற்பகலில் இடியுடன் கூடிய மழை.
பிற்பகல் வருகிறது. இடியும் வருகிறது.
மழைதான் வருவதில்லை.
பட்டர்வொர்த் பக்கம் இருட்டிக்கொண்டு,
ஃபெர்ரியின் ஊதல்
ஈரத்துணிக்குள்ளிருந்து கூப்பிடுவதுபோல் கேட்டு,
மறுபடி வெயில்.

எனக்கென்ன.
ஊர் வேர்த்தால்தான் என் வீட்டில் உலை.
ஏர்கோன் வேலை, பதினெட்டு வருஷம்.
ஜூன் பிறந்தால் கைபேசி தவளையாகிவிடும்:
குளிரவில்லை, சொட்டுகிறது,
அண்ணே இன்றைக்கே வாங்க
பிள்ளைக்கு முதுகெல்லாம் வேர்க்குரு.

வானொலி எனக்கு வேண்டாம்.
ஸ்பானர் கையில் எப்படி வழுக்குகிறது,
ரொட்டிச்சானாய்க் கடைக்காரர் உப்புக்குள்
எத்தனை அரிசி போட்டிருக்கிறார்,
சட்டை முதுகில் ஒட்டுவது ஏழரைக்கா எட்டுக்கா,
இவை போதும்.
இன்று ஆறே முக்காலுக்கே ஒட்டிவிட்டது.
கடல் இருந்த இடத்தில் கடல் இல்லை.
பாலாடைபோல் ஏதோ படர்ந்து
பாலத்தில் பாதியைத் தின்றிருந்தது.

ஜெலுத்தோங், பிளாக் சி, பதினொன்றாம் மாடி.
லிஃப்ட் ஒன்பதோடு நின்றுவிட்டது.
குணவதி கதவைத் திறந்தாள்,
கையில் நகைக்கடைக் காலண்டர் அட்டை, விசிறியாக.
நைட் ஷிப்ட் முடிந்து வந்தவள்.
பாயான் லெப்பாஸில் அவள் தொடும் சில்லுகளுக்கு
இரவெல்லாம் இருபது டிகிரி வேண்டுமாம்,
அதுகளுக்கு வேர்க்கக் கூடாதாம்.
"சில்லுக்கு இருக்கிற மரியாதைகூட எனக்கு இல்லண்ணே."
நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

ஒரு காலை ஜன்னலுக்கு வெளியே வைத்து
மெஷின் மூடியைக் கழற்றினேன்.
உள்ளே புறாக்கூடு:
குச்சிகள், ஒரு ஸ்ட்ரா, துணிக்கிளிப்பில் பாதி.
முட்டை இல்லை.
நல்லவேளை, முட்டை இல்லை.

அப்போதுதான் மேற்கே பார்த்தேன்.
கொடிமலையைக் காணோம்.
அது இருந்த இடத்தில் ஒரு கறுப்பு விளிம்பு,
அளவுகோல் வைத்துக் கிழித்ததுபோல் நேராக.
"சுமத்ரா வருது" என்றேன்,
சொந்தக்காரன் யாரோ பஸ்ஸிலிருந்து இறங்குகிறான் என்பதுபோல.
ஆறு திருகாணியில் நாலு என் வாயில் இருந்தன.

முதலில் குளிர்.
மழைக்கும் முன்னால், சத்தத்துக்கும் முன்னால்.
இத்தனை வருஷம் நான் அடைத்த வாயுவெல்லாம் சேர்ந்தாலும்
தராத குளிர்.
எதிர் பிளாக்கில் மூங்கில் கழியோடு
ஒரு பள்ளிச் சீருடை
கைகளை விரித்துக்கொண்டு கிளம்பிப் போயிற்று.
குணவதி என் பெல்ட்டைப் பிடித்து இழுத்தாள்.
தரையில் விழுந்தேன்,
மழை என் மேல் விழுந்தது,
கரண்ட் போனது.

ஒரு கட்டடத்தின் ஏர்கோன் எல்லாம்
ஒரே மூச்சில் நிற்பதைக் கேட்டிருக்கிறீர்களா?
இத்தனை நாள் முனகிக்கொண்டே இருந்தோம் என்பது
நின்ற பிறகுதான் தெரிகிறது.
கதவுகள் திறந்தன.
மிஸஸ் கூ வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.
யாரோ ஒரு பையன் நடைவழியில்
சட்டையில்லாமல் ஆடினான்,
அவன் அம்மா மலாயில் திட்டியபடி
தானும் கையை வெளியே நீட்டினாள்.

திரும்பிப் பார்த்தால் குணவதி
சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.
கால்கள் மழைத்தண்ணீரில்.
ஜன்னலை மூடலாமா என்று எழுந்தேன்,
மூடவில்லை.
நாலு திருகாணியைத் துடைத்து டிவிமேல் வரிசையாக வைத்தேன்.
மற்ற இரண்டும் எவன் காரின் மேலோ.

காலண்டர் அட்டையின் பின்னால்
'நாளை வருகிறேன்' என்று எழுதப் பார்த்தேன்.
ஈரத்தில் பேனா ஓடவில்லை.
'நா' மட்டும் விழுந்தது.
அப்படியே வைத்துவிட்டு
பதினொரு மாடியும் படியில் இறங்கினேன்.

கீழே பத்து மணி வெயில்.
தார் ரோட்டிலிருந்து ஆவி.
கைபேசியில் ஒன்பது தவறிய அழைப்புகள்.
இரண்டாவது தெருவிளக்கைத் தாண்டுவதற்குள்
சட்டை மறுபடி ஒட்டிக்கொண்டது.